நிலத்தடி நீரும் நிலப்படமும்: மயிலிட்டியை முன்வைத்து ஒரு விளக்கம்

தோற்றுவாய்

ஆறில்லாத நாட்டில் வாழ்வோர்க்குக் கிணறே ஆறு. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பன்னெடுங்காலமாகக் குடித்ததும் குளித்ததும் பயிர் விளைத்ததும் நிலத்தை அகழ்ந்து பெற்ற நீரினாலேயே. மலையும் பேராறும் உடைய நாடுகளில் நீர் கண்முன்னே ஓடுகின்றது. அதன் பெருக்கமும் சுருக்கமும், தூய்மையும் மாசும் எவர்க்கும் புலனாகும். நம் நாட்டிலோ நீர் காலடியிலே, காட்சிக்கு அகப்படாது, கல்லின் வெடிப்புகளூடே செல்கின்றது. காணாத பொருளைக் காத்தல் அரிது. காணாததை ஒருவாறு காணச் செய்யும் கருவியாக இன்று கணினி நிலப்படம் வந்துள்ளது.

பொறியியல், புவியியல் முதலிய துறைகளிற் பயிலும் மாணவர் தம் பட்டப்படிப்பின் ஒரு கூறாகச் சில மாதங்கள் திணைக்களங்களிலும் சபைகளிலும் தொழிற்பயிற்சி பெறச் செல்வதுண்டு. அங்கே அவர்களிடம் ஒப்படைக்கப்படும் வேலைகளுள், கணினி மென்பொருளின் துணைகொண்டு நீரேந்து பரப்புகளை வரைதலும் கழிவுநீர் அகற்றுதற்குரிய இடங்களை வகுத்தலும் இக்காலத்தில் முதன்மை பெற்று வருகின்றன. அவ்வேலை எத்தகையது, நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது எங்கே துணைசெய்யும், எங்கே வழிதவறச் செய்யும் என்பனவற்றை மயிலிட்டி என்னும் ஊரை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குடிநீரையும் கழிவுநீரையும் இரு வேறு படங்களில் வரையும் வழக்கம் நம் நாட்டுக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே படத்தில் வரையப்படல் வேண்டும். அப்படத்தின் உண்மையோ ஊரில் நடந்து அளந்த அளவுகளிலேயே தங்கியுள்ளது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

நீரேந்து பரப்பு

ஓர் ஆற்றினுள் எந்நிலத்தில் விழும் மழைநீர் வடிந்து சேருமோ அந்நிலம் முழுவதும் அவ்வாற்றின் நீரேந்து பரப்பு எனப்படும். இரு நீரேந்து பரப்புகளைப் பிரிக்கும் மேட்டு விளிம்பு நீர்பிரிமேடு எனப்படும். வீட்டுக் கூரையின் முகட்டை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். முகட்டின் இருபுறமும் விழும் மழை இருவேறு தாழ்வாரங்களுக்குச் செல்கின்றது. முகடே அங்கு நீர்பிரிமேடு.

வலிகாமத்தில் இவ்விலக்கணத்துக்கு இலக்கியமாக அமைந்தது வழுக்கையாறு. மாரியில் மட்டும் ஓடும் இச்சிற்றாறு அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் முதலிய ஊர்ப்புறங்களின் வெள்ளத்தை ஏற்று, அராலிப் பக்கத்திற் கடனீரேரியை அடைகின்றது. அதன் வழியிலுள்ள குளங்களும் வயல்களும் வெள்ளத்தைத் தேக்கி நிலத்தினுள் இறக்குகின்றன. குடாநாட்டின் நீரைத் தொகுதியாக நோக்கித் திட்டமிடும் சிந்தனையும் நமக்குப் புதிதன்று. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1954 ஆம் ஆண்டில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், கடனீரேரிகளை நன்னீராக்கிக் குடாநாட்டின் கிணறுகளுக்கு ஊட்டமளிக்க எண்ணியது.

எனினும் வழுக்கையாறு ஒரு விதிவிலக்கே. குடாநாட்டின் பெரும்பகுதியில், குறிப்பாக மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலி ஆகிய வடகரை ஊர்களில், மழைநீர் ஆறாகத் திரள்வதில்லை. விழுந்த இடத்துக்கு அண்மையிலேயே அது நிலத்தினுட் புகுந்துவிடுகின்றது. ஆகவே, மேற்பரப்பின் மேடுபள்ளத்தை மட்டும் கொண்டு வரையப்படும் நீரேந்து பரப்பு இவ்வூர்களின் நீர்நிலையை முழுதாகக் காட்டமாட்டாது. இதற்குரிய காரணம் நிலத்தின் அடியிலே உள்ளது.

சுண்ணாம்புக்கல்லின் இயல்பு

மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே குடாநாட்டின் அடித்தளம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகின்றது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அவற்றைச் சிறுகச் சிறுகக் கரைத்து, துளைகளையும் குகைகளையும் ஆக்குகின்றது. கூரை இடிந்த குகைகளே ஆழ்ந்த நீர்க்கிடங்குகளாகத் தோன்றுகின்றன. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரை இதற்குச் சான்று. கீரிமலையிலே கடலின் ஓரத்தில் நன்னீர் ஊறுவதும், நிலத்தடி வழிகளூடே வந்த மழைநீர் கடலைச் சேருமுன் வெளிப்படுவதனாலேயே.

இத்துளைகளில் நிரம்பிய நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்றே இலேசானது. இந்நிலையின் கணக்கை ஒல்லாந்தரான கைபன் 1880களின் இறுதியிலும் ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901 ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துரைத்தனர். கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே அது ஏறத்தாழ 40 அடி வரை நிற்கும். மறுதலையாக, மிகையாக இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலேறக்கூடும். வெடிப்பும் குகையும் உள்ள கல்லில் இக்கணக்குச் சிறிது பிறழுமாயினும் அதன் கருத்துப் பிறழாது. கடற்கரையை அடுத்த மயிலிட்டி போன்ற ஊர்களுக்கு அது வாழ்வா தாழ்வா என்னும் கணக்கே.

குடாநாட்டிலே ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசெம்பர் வரையிலான வடகீழ்ப் பருவத்திலேயே விழுகின்றது. அம்மூன்று மாத வரவைக் கொண்டே எஞ்சிய மாதங்களின் செலவை நடத்தல் வேண்டும்.

கழிவுநீரின் வழி

நல்ல நீரை விரைவில் உள்ளே ஏற்கும் நிலம், தீய நீரையும் அவ்வாறே விரைவில் ஏற்கும். இந்த ஒரு வாக்கியத்தில் யாழ்ப்பாணத்தின் சுகாதாரப் பிரச்சினை அடங்கிவிடுகின்றது.

நம் இல்லங்களின் கழிவுநீர் பெரும்பாலும் வளவிலேயே அமைந்த மலக்குழியையும் உறிஞ்சுகுழியையும் அடைகின்றது. மணலும் களியும் கலந்த தடித்த மண்ணில் உறிஞ்சுகுழி நன்கு தொழிற்படும். நீர் மெல்லக் கசியும்போது மண் அதனை வடிக்கும், நுண்ணுயிர்கள் மாசைச் சிதைக்கும். ஆனால் ஓரிரு அடி மண்ணுக்குக் கீழே வெடித்த கல் இருக்குமிடத்தில் வடித்தற்குரிய காலமும் இல்லை, பொருளும் இல்லை. குழிநீர் வெடிப்பினூடே சென்று கிணற்றை அடைந்துவிடும்.

அவ்வாறு அடையும் மாசுகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, வயிற்றோட்டம் முதலிய நோய்களை விளைக்கும் மலக் கிருமிகள். நீரைக் கொதிக்க வைத்தால் இவை இறக்கும். மற்றொன்று நைத்திரேற்று. இது கொதிக்க வைப்பதனால் நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதனால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். நைத்திரேற்று மிகுந்த கிணற்றுநீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்பெற்ற குழந்தைகள் உடல் நீலம் பாய்ந்து மூச்சுத் திணறியதை, 1945 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கொம்லி எடுத்துக் காட்டினார். உலகச் சுகாதார தாபனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றையே எல்லையாக வகுத்துள்ளது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருத்தலை 1980கள் தொட்டு ஆய்வாளர் காட்டி வந்துள்ளனர். தோட்டங்களுக்கு இடும் உரமும் வீட்டுக் குழிகளும் இதற்குக் கூட்டுக் காரணங்கள்.

மாசு நிலத்தடியில் எல்லை அறியாது என்பதற்கு அண்மைக்காலச் சான்று சுன்னாகம். அங்கு மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெருங் கொந்தளிப்பை விளைத்தது. அவ்வழக்கில் 2019 ஏப்ரிலில் இலங்கை உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா வரை இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. தீர்ப்பு இழப்பை ஈடுசெய்யலாம். கல்லினுட் புகுந்ததை வெளியே எடுக்கும் ஆற்றல் தீர்ப்புக்கு இல்லை. ஆதலின் முன்னறிந்து திட்டமிடலே வழி.

நிலப்படம் நோயைக் காட்டிய வரலாறு

கிணற்றையும் குழியையும் ஒரே தாளில் வரைதலின் பயனை உலகம் முதன்முதல் தெளிவாக உணர்ந்தது இலண்டன் மாநகரிலே எனலாம். 1854 ஆம் ஆண்டு அங்கு சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவி, 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய் கெட்ட காற்றினால் வருவதென்றே அக்கால அறிஞர் பலரும் நம்பினர். யோன் சினோ என்னும் மருத்துவர் இறப்பு நிகழ்ந்த வீடுகளைப் படத்திற் குறித்தார். குறிகளுட் பெரும்பாலானவை புரோட் வீதியிலிருந்த நீர்க்குழாய்க் கிணறொன்றைச் சூழ்ந்து நெருங்கி நின்றன. செப்டெம்பர் 8 ஆம் நாள் அக்கிணற்றின் கைபிடி கழற்றப்பட்டது.

இவ்வரலாற்றை இம்மட்டில் முடித்துவிடுவது வழக்கம். நமக்கு வேண்டிய பகுதி இதன் பின்னரே வருகின்றது. அவ்வூர்த் திருச்சபைக் குரு வைற்றெட் என்பவர், சினோவின் கருத்தை மறுக்கும் எண்ணத்துடன் வீடுவீடாகச் சென்று விசாரித்தார். விசாரணையின் முடிவில் அவரே சினோவின் பக்கம் சேர்ந்தார். கிணற்றுக்கு அருகிலிருந்த வீட்டில் நோயுற்ற குழந்தையொன்றின் துணிகளைக் கழுவிய நீர் அவ்வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதை அவர் கண்டறிந்தார். பின்னர் நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது, குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 3 அடிக்கும் குறைவான இடைவெளியே இருந்தமையும், குழி கசிந்தமையும் தெரியவந்தன. சினோவின் படம் ஐயத்தை எழுப்பியது. வைற்றெட்டின் கால்நடை உண்மையை நிறுவியது. பயிற்சி மாணவர் இவ்விருவரையும் சேர்த்தே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கையால் வரைந்த படம் கணினியுட் புகுந்தது 1960களில். கனடா நாட்டு நிலவளங்களைக் கணிப்பதற்காக உரோசர் தொமிலின்சன் என்பார் அமைத்த முறையே புவியியல் தகவல் முறைமைக்கு முன்னோடி. அதன் தத்துவம் எளியது. ஒளி ஊடுருவும் தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாகக் கொள்வோம். ஒரு தாளில் வீதி; மற்றொன்றில் மண்; வேறொன்றில் கிணறு; பிறிதொன்றில் குழி. எல்லாவற்றையும் மேலிருந்து நோக்கினால் தனித்தனி நோக்கியபோது தோன்றாத தொடர்புகள் தோன்றும். கணினி இவ்வடுக்குகளைக் காட்டுவதோடு, அவற்றுக்கிடையே தூரம், பரப்பு, எண்ணிக்கை முதலியவற்றையும் நொடியிற் கணிக்கின்றது. 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கியூ ஜி ஐ எஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பதனால், வறிய பாடசாலையும் சிறிய பிரதேச சபையும் இன்று இவ்வசதியைப் பெறலாம்.

மென்பொருள் தவறும் இடங்கள்

கருவியின் ஆற்றலை அறிந்தோர் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். மயிலிட்டி போன்ற ஊரிற் பயிற்சிபெறும் மாணவர் மூன்று இடங்களில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

முதலாவது, உயரம். 2000 பெப்ரவரியில் எண்டெவர் என்னும் விண்ணோடம் 11 நாட் பயணத்தில் உலக நிலத்தின் பெரும்பகுதியை ரேடார்க் கதிரால் அளந்தது. அதிலிருந்து பெற்ற உயரத் தரவுகள் 30 மீற்றர் இடைவெளியில் யாவர்க்கும் கிடைக்கின்றன. மலைநாட்டில் அவை மிகப் பயன்படும். ஆனால் நம் குடாநாடு பெரும்பாலும் கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் மட்டுமே உயர்ந்தது. அத்தரவுகளின் பிழையும் சில மீற்றர். அன்றியும் ரேடார்க் கதிர் மரச்செறிவின் மேற்பகுதியைத் தரையென மயங்குவதுண்டு. பனங்கூடல் குன்றாகத் தோன்றும். நீர் பனங்கூடலிலிருந்து நாற்புறமும் வழிவதாகக் கணினி வரைந்து காட்டும். ஊரறிந்த சிறுவனும் நகைக்கும் படம் அது. மேலும் 30 மீற்றர்ச் சதுரக் கட்டம் ஒன்று 900 சதுர மீற்றர். அதாவது ஏறத்தாழ மூன்றரைப் பரப்புக் காணி. ஒரு குடும்பத்தின் வளவு முழுவதும் கணினிக்கு ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடுகின்றது.

இரண்டாவது, பள்ளம். 1984 ஆம் ஆண்டில் ஒக்கலகன், மார்க் என்னும் இருவர் வெளியிட்ட முறையைத் தழுவியே மென்பொருள்கள் பல நீரோட்டத்தைக் கணிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நீர் அதனைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களுள் மிகச் சரிவானதை நோக்கிச் செல்லும் என்பது அம்முறை. நாற்புறமும் மேடான பள்ளத்தில் கணிப்பு நின்றுவிடும். அதனைத் தவிர்க்கப் பள்ளங்களைத் தரவுப் பிழையெனக் கொண்டு முதலில் நிரப்பிவிடுவது வழக்கம். ஆற்று நாட்டுக்கு இது பொருந்தும். சுண்ணாம்புக்கல் நாட்டில் பள்ளமே மழைநீர் நிலத்தினுள் இறங்கும் வாயில். குளமும், இடிந்த குகையும், காங்கேசன்துறைப் பக்கத்தில் சீமெந்து ஆலைக்காகக் கல் அகழ்ந்த பெருங்குழிகளும் இத்தகையன. ஒரு பொத்தானை அழுத்தி அவற்றை நிரப்பிவிட்ட மாணவர், நம் நீரின் வாயில்களைப் படத்திலிருந்து அழித்தவராவர். பள்ளங்களை நிரப்புமுன் ஒவ்வொன்றையும் நேரிற் சென்று காணல் கடன்.

மூன்றாவது, ஆயத்தொலை. நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்கள் இலங்கைக்கென வகுத்த கண்டவளை என்னும் அடிப்படையில் வரையப்பட்டவை. செய்மதிவழி இடமறியும் கைப்பேசியோ உலகப் பொது அடிப்படையைப் பின்பற்றுகின்றது. உரிய மாற்றஞ் செய்யாது இரண்டையும் அடுக்கினால் படங்கள் நூறு மீற்றருக்கு மேலும் விலகும். கிணறு ஒழுங்கைக்கு அப்பாலும் வீடு கடலுள்ளும் நிற்கும். மாற்றஞ் செய்த பின்னரும் கைப்பேசி காட்டும் இடம் சில மீற்றர் பிழைபடும். பதினைந்து மீற்றரைப் பேசும் காரியத்தில் ஐந்து மீற்றர்ப் பிழை சிறிதன்று. கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை நாடாவினால் அளந்தே எழுதல் வேண்டும்.

மயிலிட்டியின் நிலை

வடகரையின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டி, 1990 ஆம் ஆண்டில் மக்களின்றி வெறுமையாயிற்று. போர்ச்சூழலில் இடம்பெயர்ந்தோர் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தனர். உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்த துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. புனரமைக்கப்பெற்ற துறைமுகம் 2019 ஓகஸ்டிற் திறந்துவைக்கப்பட்டது. வலிகாமம் வடக்கின் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை.

இருபத்தேழு ஆண்டுகளின் பின் திரும்பியோர் கண்டவை இடிந்த சுவர்களும், தூர்ந்த கிணறுகளும், எல்லை தெரியாத காணிகளுமே. பழைய மலக்குழி எங்கே இருந்ததென்று அறிந்த முதியோர் பலர் முகாம்களிலேயே மறைந்தனர். முன்பு ஒரு குடும்பத்துக்குரியதாயிருந்த காணி பிள்ளைகளுக்கும் பேரர்க்கும் பங்காயிற்று. புதிய வீடும் புதிய குழியும் ஒவ்வொரு பங்கிலும் எழுகின்றன. இந்நிலையில், நிலப்படம் என்பது அலுவலகச் சுவருக்கு அணியாகத் தொங்கும் பொருளன்று. மீண்டும் வேரூன்றும் ஓர் ஊர் தன் கிணற்று நீரைக் குடிக்க இயலுமா என்பதை அது தீர்மானிக்கக் கூடும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 15 மீற்றர், அதாவது ஏறத்தாழ ஐம்பது அடி, வேண்டுமெனக் கொள்வோம். கிணற்றை நடுவாக வைத்து 15 மீற்றர் ஆரையுடைய காப்பு வளையம் வரைந்தால் அதன் பரப்பு 707 சதுர மீற்றர். பத்துப் பேர்ச் கொண்ட நம் ஒரு பரப்புக் காணி 253 சதுர மீற்றர். எனவே வளையம் மட்டுமே ஏறத்தாழ 2.8 பரப்பு! இரண்டு பரப்புக் காணி உடையவர் தம் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் அமைத்துத் தம் வளவுக்குள் விதியைக் காத்துவிடலாம். ஆனால் அக்குழி அயல்வளவுக் கிணற்றின் வளையத்துள் விழுகின்றதா என்பதை எவர் பார்ப்பது? வேலிக்கு அப்பால் நோக்காத தனி வீட்டுப் படம் இதனைக் காட்டாது. ஒழுங்கை முழுவதையும் ஒருங்கே வரைந்த படமே காட்டும். கணினி மென்பொருளின் மெய்யான பயன் இவ்விடத்திலேதான். எல்லாக் கிணறுகளையும் எல்லாக் குழிகளையும் இட்டபின், எந்த வளையத்துள் எத்தனை குழிகள் விழுகின்றன என்று கேட்டால், அது மறுநொடியில் விடை தரும்.

இடைவெளி மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு பரப்புக் காணியில் ஆண்டுக்கு விழும் மழை ஏறத்தாழ 630 கன மீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு நிலத்தடி நீரைச் சேருமெனக் கொண்டால் 210 கன மீற்றர். ஐவர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு ஆளுக்கு 100 லீற்றர் வீதம் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 180 கன மீற்றருக்குச் சற்று மேல். அதிற் பெரும்பங்கு மீண்டும் கழிவாக நிலத்தினுட் செல்லும். மழையாகச் சேர்ந்த நீரும் கழிவாகச் சேர்ந்த நீரும் ஏறக்குறைய ஒத்த அளவினவாய் விடுகின்றன. ஊரடர்த்தி கூடுந்தோறும் இவ்விகிதம் கெடும்.

குழாய்நீர் வந்தால் இத்தொல்லை தீருமென்பாரும் உளர். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டிற் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. குடிப்பதற்கு அது பெருந்துணையே. ஆயினும், வெளியிலிருந்து வரும் நீர் பயன்பட்டபின் எங்கே செல்லும்? கழிவைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி இல்லாத ஊரில் அது வளவுக் குழியையே அடையும். நீர்வரவு கூடக் கழிவும் கூடும். தோட்டத்துக்கும் குளிப்புக்கும் கிணற்றையே நாடுவோர் அப்போதும் இருப்பர். குழாய்நீர் வருமுன்னரே கழிவுநீர்ப் படம் வரையப்படல் வேண்டும்.

பயிற்சி மாணவரின் பணி

மயிலிட்டி போன்ற ஊருக்கு ஆறு மாதப் பயிற்சியில் வரும் மாணவர் எவ்வாறு பணியாற்றலாம்? முதலில் பிரதேச செயலகத்திலும் நில அளவைத் திணைக்களத்திலும் உள்ள பழைய படங்களைப் பெற்று, வீதி, ஒழுங்கை, குளம், கோயில் ஆகியவற்றைக் கணினியில் அடுக்குதல். அடுத்து ஒவ்வொரு வளவுக்கும் சென்று, உடையவரின் இசைவைப் பெற்று, கிணற்றின் இடம், ஆழம், நீர்மட்டம், கட்டு உண்டா இல்லையா என்பன குறித்தல். குழியின் இடமும் அடித்தளம் பூசப்பட்டதா என்பதும் கேட்டறிதல். பின்னர் நீரின் உவர்த்தன்மையை மின்கடத்துதிறன் மானியால் அளத்தல். இயலுமாயின் நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல்.

இவ்வளவை செப்டெம்பரில் ஒருமுறையும் சனவரியில் ஒருமுறையும் செய்தல் வேண்டும். கோடையின் முடிவில் நீர் குறைந்து உவர் ஓங்கும். மாரியில் நீர்மட்டம் உயர்ந்து குழியின் அடியைத் தொடும். கோடையில் மட்டும் அளந்தவர் உவரை அறிவார், மலக்கசிவை அறியார். மாரியில் மட்டும் அளந்தவர் நிலை இதற்கு மறுதலை. பயிற்சிக் காலத்தை வகுப்போர் பருவத்தையும் எண்ணி வகுத்தல் நன்று.

முதியோரைக் கேட்டறிதலும் அளவையின் ஒரு பகுதியே. எக்கிணறு கோடையிலும் வற்றாது, எக்கேணி மழைக்குப் பின் கலங்கும், எத்தோட்டத்தில் வெள்ளம் ஒரே இரவில் மறையும் என்பனவெல்லாம் அவர்கள் அறிவர். ஒரே இரவில் வெள்ளம் மறையும் இடத்தின் கீழே வெடிப்போ குகையோ இருத்தல் கூடும். அவ்விடத்தில் குழி வெட்டலாகாது. மழைநீரைத் தேக்கி இறக்குதற்கு அதுவே தக்க இடம். துறைமுகத்தில் மீன் கழுவும் நீரும் எந்திர எண்ணெயும் எவ்வழி செல்கின்றன என்பதும் படத்தில் இடம்பெறல் வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் அறிக்கை அழகாகக் கட்டப்பட்டுப் பேராசிரியரின் அலுமாரியை அடைவதே பெரும்பாலும் நிகழ்வது. மாணவர்க்குப் புள்ளி கிடைக்கும். ஊருக்கு ஒன்றும் கிடையாது. படத்தின் ஒரு பிரதி வலிகாமம் வடக்குப் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடத்தும் இருத்தல் வேண்டும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வழங்குமுன், புதுக்குழி எவருடைய கிணற்று வளையத்துள் விழுகின்றதென்று அதிற் பார்த்துச் சொல்லும் வழக்கம் ஏற்படல் வேண்டும். இடம் போதாத வளவுகளுக்குக் கசிவற்ற பொதுத் தொட்டி அமைத்து, பவுசர் வண்டியாற் கழிவை அகற்றுதல் பற்றிச் சபை அப்படத்தைக் கொண்டே முடிவு செய்யலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர் முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பத்தாண்டு அளவைகள் ஒரே தொகுதியிற் சேருமாயின், அது எந்த வெளிநாட்டு நிபுணரும் நமக்குத் தரமுடியாத செல்வமாகும்.

முடிவுரை

நம் முன்னோர் குளம் தொட்டதும், கேணி கட்டியதும், மாரி வெள்ளத்தை வயலில் மறித்ததும் நிலத்தின் இயல்பை அறிந்த அறிவினால். அவ்வறிவு இடம்பெயர்வினாற் சிதறியது. அதனை மீண்டும் ஒன்று சேர்த்தற்குக் கணினி நிலப்படம் ஏற்ற கருவி. ஆயினும் ஆற்று நாட்டுக்கெனச் செய்த கருவியைச் சுண்ணாம்புக்கல் நாட்டுக்கு இசைவித்தல் நம் மாணவரின் பொறுப்பு. உயர்வகுப்பிற் புவியியல் கற்பிப்போர் பாடசாலை வளவையே முதற் படமாகக் கொள்ளலாம்: பாடசாலைக் கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே, இடையே எத்தனை மீற்றர் என்று மாணவர் நாடா பிடித்து அளந்து வரையட்டும். பழைய மாணவருள் பொறியியலாளராகவும் நில அளவையாளராகவும் உள்ளோர் ஆண்டுக்கு ஒருநாள் வந்து அப்படத்தைத் திருத்திக் கொடுக்கட்டும். கிணற்றையும் குழியையும் ஒரே தாளில் வரையப் பழகிய தலைமுறை, அவ்விரண்டையும் ஒரே வளவில் அருகருகே வெட்டத் துணியாது.